குமிழி விழாமல் ஒட்டிய திருடன்

“பேக்கப் எடுத்து வெச்சிருந்தீங்களா?” என்று கேட்டார் அண்ணி.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் அழுகையை நிறுத்திவிட்டு மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். கம்ப்யூட்டர் தொழிலில் இருப்பவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் எல்லோரும் மின்விசிறியைத்தான் பார்க்கிறார்கள்.

“ஊருக்கெல்லாம் எடுக்கச் சொல்லுவேன் மேடம்.”

“ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு. மேல சொல்லுங்க.”

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கோடு வருகிறவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் வேலையில் பல வருஷம் இருந்தவர். அது அலுத்துப்போய், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கும் தையல் கடைக்கும் நடுவில் அறை பிடித்துத் துப்பறியும் நிலையம் திறந்தார். பக்கத்து அறையில் பல்லைப் பிடுங்குகிறார்கள், எங்கள் அறையில் உண்மையைப் பிடுங்குகிறோம். சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். நான் உதவியாளன். வேறு எந்த வேலையிலும் நிலைக்காத கொழுந்தனை வீட்டில் வைத்துக்கொண்டிருப்பதைவிட ஆபீஸில் வைத்துக்கொண்டால் கண்பார்வையில் இருப்பான் என்பது அண்ணியின் ஏற்பாடு.

வந்திருந்தவள் வீடியோ கேம் செய்கிறவள். கேம்காரி என்று மனதுக்குள் பெயர் வைத்துக்கொண்டேன். பழைய காலத்து டி.வி கேம் பெட்டிகளில் ஓடுகிற மாதிரி ஒரு புது ஆட்டம். இரண்டு வருஷ உழைப்பு. நாளைக் காலையில் ஒரு கம்பெனியில் ஆடிக் காட்டி ஒப்படைக்க வேண்டும். போன வாரம் கம்ப்யூட்டர் மேல் காபி கொட்டிவிட்டது. கம்ப்யூட்டர் போய்ச் சேர்ந்துவிட்டது. மிச்சம் இருந்த ஒரே பிரதி, ஆடிப் பார்ப்பதற்காக அவள் வாங்கிய மலிவு விலைக் கையடக்க மெஷினுக்குள் இருந்தது.

அந்த மெஷின் முந்தாநாள் அவள் வேலை செய்யும் அறையிலிருந்து காணாமல் போனது. இன்று காலை அதே மேஜையில், அதே இடத்தில், சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. உள்ளே ஆட்டத்தை மட்டும் காணோம்.

“என் தம்பிதான் மேடம். வேற யாருமில்லை. அறைச் சாவி அவன்கிட்ட இன்னும் ஒண்ணு இருக்கு. படம் வரையறதுக்காகக் கூட இருந்தான். நடுவுல வாய்ச் சண்டை. எழுந்து போயிட்டான். இப்ப என் ஆட்டத்தைத் தூக்கிட்டுப் போயி அவன் பேர்ல விக்கப் போறான். நாளைக்குக் காலையில போலீஸ்ல எழுதிக் கொடுத்துடுவேன். கூடப் பொறந்தவன்னு பார்க்க மாட்டேன்.”

“எவ்வளவு படம் வரைஞ்சிருந்தாரு?”

“கொஞ்சம்...” என்று சொல்லி மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தாள்.

அண்ணி மெஷினை என் பக்கம் தள்ளினார். “கொழுந்தனாரே, உங்க துறை. இந்தச் சோப்பு டப்பாவைப் பத்தி எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

வாழ்க்கையில் முதல் தடவையாக என் அறிவு ஒருவருக்குத் தேவைப்பட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“சட்டைப் பையில அடங்கும் அண்ணி. ஒரு ஜோடி செருப்பு விலைதான். பட்டன் அமுக்குறதுக்கு அவ்வளவு சுகம். ஸ்க்ரீன் பளிச்சுனு இருக்கும். சின்ன வயசுல டி.வி முன்னாடி உட்கார்ந்து ஆடின எல்லா ஆட்டமும் இதுல ஓடும்.”

“குறை?”

“ஸ்பீக்கரைச் சரியா உள்ளங்கை மூடுற இடத்துல வெச்சிருப்பாங்க. பாட்டரி, பெட்டியில போட்டிருக்கிறதுல பாதி நேரம் நிக்கும். மேல் ஓரத்துல இருக்கிற தோள்பட்டைப் பட்டன் அமுக்கினா, சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் திறந்து பார்ப்பான். பத்தாயிரம் ஆட்டம்னு போட்டிருப்பாங்க. அதுல முக்காவாசி ஒரே ஆட்டம், வேற வேற பேர்ல. எந்தக் கடையில வாங்கினாலும் அதே பத்தாயிரம்தான். ஒருத்தன்கிட்டேருந்து ஒருத்தன் காப்பி அடிச்சது. ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது.”

“உங்ககிட்ட இது மாதிரி எத்தனை இருக்கு?”

“அஞ்சு.”

“அதுல எந்த ஆட்டத்தையாவது முடிச்சிருக்கீங்களா?”

“செட்டிங்ஸ் முடிச்சிருக்கேன் அண்ணி.”

கேம்காரி கண்ணீரோடு தலையாட்டினாள். இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்குத்தான் அது புரியும். வாங்குவோம், ஒரு வாரம் முழுக்கச் சரிசெய்வோம், அதற்குள் அடுத்த மாடல் வந்துவிடும்.

“சரி. காணாமப் போறதுக்கு முன்னாடி இது எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்கு?” என்றார் அண்ணி.

கேம்காரி மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அவளுக்கே குழப்பம் கூடியது. முன்னால் ஸ்க்ரீனில் கீறல் இருந்தது, இப்போது மேலே புதுக் கண்ணாடி ஒட்டியிருக்கிறது. ஒரு பட்டன் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது, இப்போது கச்சிதமாக நிற்கிறது. மெனு நத்தை வேகத்தில் நகரும், இப்போது பறக்கிறது. உள்ளே இருந்த பேர் தெரியாத மெமரி கார்டுக்குப் பதிலாக விலை கூடிய நல்ல கார்டு. சார்ஜ் நிறைய.

“ஆக, திருடன் வந்தான். பொருளைத் தூக்கினான். கைக்காசு போட்டு ரிப்பேர் பண்ணினான். திருப்பிக் கொண்டுவந்து வெச்சான். இந்த மாதிரித் திருடன் நம்ம வீட்டு மிக்ஸிக்கு ஒருத்தன் கிடைச்சாத் தேவலை.”

“கார்டை மாத்தினது தப்பில்லை அண்ணி,” என்று நான் குறுக்கிட்டேன். “எங்க கூட்டத்துல எல்லாரும் முதல்ல செய்யறதே அதுதான். பெட்டியோட வர்ற கார்டு எப்ப உயிரை விடும்னு அதுக்கே தெரியாது. வாங்கின அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு போடுவோம். உள்ள இருக்கிற குப்பையில வடிகட்டி, நல்ல ஆட்டமா கொஞ்சம் மட்டும் காப்பி பண்ணிப்போம்.”

அண்ணி என்னை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு கேம்காரியிடம் திரும்பினார். “உங்க ஆட்டத்தை அந்தக் கார்டுல எங்க வெச்சிருந்தீங்க?”

“மீன்பிடி ஆட்டம்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுக்குள்ள, வேற பேர்ல. அதை யாரும் திறக்க மாட்டாங்க.”

“அதென்னவோ உண்மை,” என்றேன். மனித குலத்தில் அந்த ஃபோல்டரைத் திறந்தவர் எவரும் இருப்பதாக எனக்குத் தகவல் இல்லை.

“சார்ஜ்?” என்றார் அண்ணி.

அது நல்ல கேள்வி. இந்த மெஷின்களில் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே முனை இருக்கிற புதுக் கேபிளில் சார்ஜ் ஏறவே ஏறாது. ஒரு பக்கம் பழைய தட்டை முனை இருக்கிற கேபிள்தான் வேண்டும். தெரியாதவர்கள் ராத்திரி முழுக்கச் செருகி வைத்துவிட்டுக் காலையில் மெஷின் செத்துவிட்டது என்று ஒப்பாரி வைப்பார்கள். எடுத்தவனுக்கு இது தெரிந்திருக்கிறது.

அண்ணி மெஷினை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “கண்ணாடியில ஒரு குமிழி கிடையாது, ஒரு தூசி கிடையாது. நான் போன்ல ஒட்டினா அம்மை போட்ட மாதிரி இருக்கும். உங்க தம்பி இப்ப எங்க வேலை பார்க்கிறாரு?”

“கார் ஸ்டிக்கர் கடையில. கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டுறான்.”

“கிளம்புங்க,” என்றார் அண்ணி.

ஸ்டிக்கர் கடை ஒரு ஷெட். உள்ளே ஒரு கார், கதவெல்லாம் திறந்து, பரிசோதனைக்கு வந்த நோயாளி போல நின்றது. தம்பிக்காரன் அதன் கண்ணாடியில் தண்ணீர் அடித்து, ரப்பர் தகட்டால் ஃபிலிமை வழித்துக்கொண்டிருந்தான். கேம்காரியைத் தெரு முனையிலேயே நிறுத்திவிட்டோம். அவள் வந்தால் முதலில் கை பேசும், பிறகுதான் வாய் பேசும் என்று எனக்குத் தோன்றியது.

“இந்த மெஷினுக்குப் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டணும்,” என்று அண்ணி மெஷினை நீட்டினார்.

அவன் பார்த்தான். கண்ணிமை ஒரு தடவை துடித்தது. “ஒட்டலாம் மேடம்.”

“இதை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?”

“இல்லையே. இது மாதிரி ஆயிரம் இருக்கு.”

“அப்படியே இந்த முன்பக்கக் கண்ணாடியையும் உரிச்சுப் போட்டுட்டு வேற ஒட்டிடுங்க. எவனோ கத்துக்குட்டி ஒட்டியிருக்கான். ஒரே குமிழி.”

ரப்பர் தகடு அவன் கையிலிருந்து நழுவியது.

“எங்க குமிழி? காட்டுங்க. எங்கன்னு காட்டுங்க மேடம்! குளிக்கிற அறையில சுடுதண்ணியைத் திறந்துவிட்டு, தூசியெல்லாம் அடங்கினதுக்கப்புறம் ஒட்டினது இது. ஒரு குமிழி இருந்தா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. பாவம். போலீஸ் அடித்தால்கூடத் தாங்கியிருப்பான். தொழிலைக் குறை சொன்னதைத் தாங்க முடியவில்லை.

“குமிழி இல்லை,” என்றார் அண்ணி மென்மையாக. “ரொம்ப நல்லா ஒட்டியிருக்கீங்க. இப்ப உட்கார்ந்து சொல்லுங்க.”

கார் டயரில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னான். “நாளைக்கு அக்கா இதுலதான் ஆடிக் காட்டப் போறான்னு அம்மா சொன்னாங்க. முந்தாநாள் அறைப் பக்கம் போனேன், பேசிடலாம்னு. அவ இல்லை. மேஜையில இது கிடந்துச்சு, கீறலோட. இதுல காட்டினா நான் வரைஞ்சதெல்லாம் கீறலாத் தெரியும். அதான் எடுத்துட்டுப் போயி சரிபண்ணிக் கொண்டுவந்து வெச்சேன். நான்தான்னு தெரிஞ்சா வேணும்னே பழைய கார்டையே திரும்பப் போடுவா. அவ குணம் அப்படி.”

“அவங்க செஞ்ச ஆட்டம் உள்ள இல்லையே, பார்த்தீங்களா?”

“தேடினேன் மேடம். காணோம். கம்ப்யூட்டர்லேருந்து நாளைக்கு ஏத்திப்பான்னு நெனைச்சேன்.”

“கம்ப்யூட்டர் செத்துப் போச்சு,” என்றேன் நான். “அந்தப் பழைய கார்டுல மீன்பிடி ஃபோல்டருக்குள்ளதான் இருந்துச்சு. ஒரே பிரதி.”

அவன் முகத்திலிருந்து ரத்தம் வடிந்துபோனதைப் பார்த்தேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மீன்பிடி ஃபோல்டரை நானும்தான் காப்பி செய்திருக்க மாட்டேன்.

“கார்டு எங்கே?” என்றார் அண்ணி.

“புதுக் கார்டு வாங்கின கடையிலயே... பழசைக் கொடுத்தா விலை குறைச்சுப்பாங்க...”

மார்க்கெட்டின் கீழ்த்தளத்தில் வரிசையாகப் போன் கடைகள். அங்கே போய்ச் சேருவதற்குள் அக்காவும் தம்பியும் ஆட்டோவின் இரண்டு ஓரங்களில் ஒட்டிக்கொண்டு, நடுவில் என்னைச் சுவராக வைத்து ஒரு முழு யுத்தம் நடத்திவிட்டார்கள். “எடுத்துட்டு ஒரு வார்த்தை சொன்னியா?” “நீ பேசுனாத்தானே சொல்றதுக்கு!” இரண்டு பக்கத் தோட்டாக்களும் என் மேல்தான் விழுந்தன. அண்ணி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே மேகங்களை ரசித்தார்.

கடைக்காரர் கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்ட மனிதர். எங்களைப் பார்த்ததும் வியாபாரச் சிரிப்பு வந்தது. பழைய கார்டு என்று சொன்னதும் போய்விட்டது.

“அந்தக் கார்டா? அன்னைக்கே சுத்தமா அழிச்சு வித்துட்டேனே. யாரு வாங்கினான்னு யாருக்குத் தெரியும்?”

கேம்காரி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போட்டு அழவில்லை. இரண்டு வருஷத்தையும் கூட்டிப் பெருக்கி ஓரமாக ஒதுக்கிவிட்ட மாதிரி ஒரு பார்வை. தம்பிக்காரன் அவள் தோளைத் தொடப் போனான், தட்டிவிட்டாள்.

“முடிஞ்சுது அண்ணி,” என்று முணுமுணுத்தேன்.

அண்ணி என்னைக் கவனிக்கவில்லை. எதிர்க் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வாசலில் ஒரு போர்டு: ‘ஒரே மெஷினில் 10,000 ஆட்டங்கள்!’ பிறகு திரும்பி இந்தக் கடையின் போர்டைப் பார்த்தார்.

“இங்க வாங்க,” என்று தம்பிக்காரனை அழைத்தார். “உங்க கண்ணை நம்பிக் கேட்கிறேன். இந்தக் கடைசி எண் எப்ப ஒட்டினது?”

அவன் போர்டின் பக்கத்தில் போய் விரலால் தடவினான். “பழைய பூஜ்யத்து மேல புதுசா வெட்டி ஒட்டியிருக்கு மேடம். ஓரம் இன்னும் படியலை. நேத்து, இல்லைன்னா இன்னைக்கு. அசிங்கமா ஒட்டியிருக்காங்க.”

போர்டில் ‘10,001 ஆட்டங்கள்’ என்று இருந்தது.

“எங்க கொழுந்தனாரு ஒரு விஷயம் சொன்னாரு,” என்று அண்ணி கடைக்காரரிடம் சாவகாசமாகச் சொன்னார். “எந்தக் கடையிலயும் அதே பத்தாயிரம்தானாம். கூடவே கூடாதாம். எதிர்க் கடையைவிட உங்ககிட்ட ஒண்ணு கூடுதலா இருக்கே, அந்த ஒண்ணு எங்கேருந்து முளைச்சுது?”

கடைக்காரர் கண்ணாடியை மாட்டினார், கழற்றினார். “அது... வர்ற பழைய கார்டுல நம்மகிட்ட இல்லாதது ஏதாவது இருக்கான்னு கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லும் மேடம். வருஷக்கணக்கா ஒண்ணும் சிக்கினதில்லை. எதிர்க் கடைக்காரன் தொல்லை தாங்க முடியலை. அன்னைக்குப் பார்த்து மீன்பிடி ஃபோல்டர்ல புதுசா ஒண்ணு...”

“அழிக்கிறதுக்கு முன்னாடி காப்பி எடுத்துட்டீங்க.”

“எடுத்துட்டேன்.”

“திருட்டுக் காப்பி எடுக்கிறவருக்கு நன்றி சொல்ற நாளும் வரும்னு நான் நெனைக்கவே இல்லை,” என்றார் அண்ணி. “இது இந்தப் பொண்ணோட சொத்து. எடுத்துக் கொடுத்துட்டு, உங்க கம்ப்யூட்டர்லேருந்தும், வித்ததுலேருந்தும், விக்காததுலேருந்தும் அழிச்சிடுங்க. நான் திரும்ப வந்து பார்ப்பேன்.”

கேம்காரி எழுந்துவிட்டாள். முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. கடைக்காரர் ஒரு மெஷினை எடுத்து அந்த ஃபோல்டரைத் திறந்து நீட்டினார். தம்பிக்காரன் முந்திக்கொண்டு வாங்கினான்.

“கொடுடா, நான் பார்க்கிறேன்,” என்று அவள் அவசரமாகக் கை நீட்டினாள். அந்த அவசரம் எனக்கு வித்தியாசமாகப் பட்டது.

அவன் பட்டனை அமுக்கிவிட்டான். உள்ளங்கை அகல ஸ்க்ரீனில் மழை பெய்ய ஆரம்பித்தது. ஒரு குடைக்காரி, நீர் தேங்கிய தெருவில் நடந்தாள். அவள் கால் படும் இடத்திலெல்லாம் வட்டம் வட்டமாக அலை விரிந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு விளக்கு, ஒவ்வொரு விளக்கும் வேறு மஞ்சள். நான் ஐந்து மெஷின் வைத்திருக்கிறவன். இவ்வளவு அழகான மழையை எதிலும் பார்த்ததில்லை.

பிறகு முகப்பு வந்தது. ஆட்டத்தின் பெயர். அதற்குக் கீழே, உருவாக்கம், படங்கள், இசை என்று ஒரே வரி. அதற்குக் கீழே ஒரே ஒரு பெயர். கேம்காரியின் பெயர்.

தம்பிக்காரன் அந்த வரியை விரலால் தொட்டான்.

“படங்கள்னும் போட்டிருக்கு,” என்றான் தம்பிக்காரன்.

“திருட்டு நடந்துச்சுன்னு சொல்லி வந்தீங்க,” என்றார் அண்ணி. குரலில் கேலி இல்லை. “நடந்திருக்கு. ஆளைத்தான் மாத்திச் சொல்லிட்டீங்க. கீறல் விழுந்த மெஷினை யாரு திருடப் போறா? ஆட்டத்தைத் திருடனுக்குப் பயந்து மீன்பிடி ஃபோல்டர்ல ஒளிக்கலை. அறைச் சாவி வெச்சிருக்கிற ஒரே ஒரு ஆள் இந்த முகப்பைப் பார்த்துடக் கூடாதுன்னு ஒளிச்சீங்க. ஒளிச்சதாலதான் தொலைஞ்சுது.”

இந்தத் தடவை பார்ப்பதற்கு அவளுக்கு மின்விசிறி இல்லை.

“கோவத்துல அவன் பேரை எடுத்தேன் மேடம். அவன் எழுந்து போன அன்னைக்கு. ஆறினதும் திரும்பப் போட்டுடலாம்னுதான் நெனைச்சேன். அப்புறம்... இப்படியே இருக்கட்டும்னு தோணிடுச்சு.” தம்பியைப் பார்த்தாள். “தப்புடா. பெரிய தப்பு.”

ஸ்க்ரீனில் மழை பெய்துகொண்டே இருந்தது. அவன் அதையே பார்த்தான். தான் வரைந்த தெரு அசைவதை அவன் இப்போதுதான் முதல் தடவையாக முழுதாகப் பார்க்கிறான் என்பது எனக்குப் புரிந்தது.

கேம்காரி கடைக்காரரின் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். அனுமதியெல்லாம் கேட்கவில்லை. ஆட்டத்தின் கோப்பைத் திறந்தாள். புரியாத எண்களும் எழுத்துகளும் திரை முழுக்க ஓடின. அதில் ஓரிடத்தில் அவள் பெயர் இருந்தது.

“புதுசா வரி சேர்க்க முடியாது. ஆட்டத்தை எழுதின மூலக் கோப்பு கம்ப்யூட்டரோட போச்சு,” என்றாள் யாருக்கோ சொல்வதுபோல. “இருக்கிற எழுத்து மேலதான் வேற எழுத்து எழுத முடியும். பேருக்கு இருக்கிறது இவ்வளவு இடம்தான்.”

அந்த இடத்தில் அவள் பெயர் ஒன்றே அடைத்துக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்துக்கொண்டே வந்தாள். பாதி போயிற்று. நிறுத்தவில்லை. தம்பியின் பெயர் முழுதாக உட்கார வேண்டுமென்றால் அவள் பெயர் முழுதாகப் போக வேண்டும். முதல் எழுத்துக்கு வந்துவிட்டாள்.

அவன் பின்னாலிருந்து எட்டி அவள் கையைப் பிடித்தான்.

“எல்லாத்தையும் அழிக்காதக்கா. நாளைக்கு நீ பேரைக் காணோம்னு மறுபடியும் இந்த மேடம்கிட்டத்தான் ஓடுவே. அவங்க நேரா என் கடைக்குத்தான் வருவாங்க.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, தன் பெயரையும் அவன் பெயரையும் வீட்டில் கூப்பிடுகிற அளவுக்குச் சுருக்கி, பக்கத்தில் பக்கத்தில் தட்டினாள். இரண்டுக்கும் இடம் போதுமானதாக இருந்தது.